உதவித் திட்டங்கள் ஏன் ஏ-9 வீதியோரத்திலேயே நின்றுவிடுகின்றன?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தின் மாந்தை கிழக்கில், ஐந்தாம் தரம் வரை மட்டும் உள்ள சிறிய பாடசாலையொன்றின் அபிவிருத்திச் சங்கச் செயலாளர் நான். மாலைநேர வகுப்பு, வாசிப்பு முகாம், கண் பரிசோதனை என்று தொண்டு நிறுவனங்கள் கண்டி–யாழ்ப்பாணம் ஏ-9 வீதியோரப் பெரிய பாடசாலைகளுக்கே போகின்றன. இவற்றை யார் பங்கிடுகிறார்கள்? நாங்கள் எங்கே கேட்பது?

பதில்: ஆசிரியர் நியமனமும் பாடநூலும் அரசின் கணக்கில் வருபவை, அவற்றுக்கு ஒரு பங்கீடு உண்டு. நீங்கள் கேட்கும் திட்டங்களுக்கு அப்படி இல்லை. பெரும்பாலும் நிறுவனமே பாடசாலையைத் தெரிந்துகொண்டு வந்து, வலயக் கல்வி அலுவலகத்திடம் அனுமதி கேட்கிறது. தெரிவு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

அந்தத் தெரிவில் உங்களைப் போன்ற பாடசாலைகள் பின்தங்குவதற்குப் பெரிய காரணம் பழைய மாணவர்கள். உயர்தரத்தில் விஞ்ஞானம் உட்பட எல்லாப் பிரிவுகளும் உள்ள 1ஏபி பாடசாலையில் படித்துவிட்டு வெளிநாடு போனவர் அந்தப் பாடசாலைக்கே பணம் அனுப்புகிறார். அவருக்கு அ, ஆவன்னா சொல்லிக்கொடுத்த, உங்களுடையதைப் போன்ற மூன்றாம் வகை ஆரம்பப் பாடசாலையை யாரும் அவருக்கு நினைவூட்டுவதில்லை. அடுத்தது பேருந்து. மாலை ஐந்து மணிக்கு வகுப்பு முடிந்தால் உங்கள் பக்கத்துப் பாண்டியன்குளத்திலிருந்தோ நட்டாங்கண்டலிலிருந்தோ, வகுப்பு நடத்த வரும் வளவாளர் எப்படித் திரும்புவார்? பயணச் செலவைத் திட்டத்திலேயே எழுதாத நிறுவனம் வீதியோரத்தில்தான் நிற்கும். இது அநியாயம். ஒரு வலயத்தில் எத்தனை திட்டங்கள் நடக்கின்றன என்று எண்ணுவதால் பயனில்லை. வலயத்தின் உட்பிரிவுகளில் எந்தக் கோட்டத்தில் எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்றுதான் எண்ண வேண்டும்.

உங்கள் கோரிக்கை அதிபரின் கையொப்பத்துடன், கோட்டக் கல்விப் பணிப்பாளர் ஊடாக, உங்கள் பகுதிக்குரிய துணுக்காய் வலயத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் போகட்டும். பிரதேச செயலகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். புதிதாக வரும் நிறுவனங்கள் அங்கேயும் போகும். ‘உதவி தேவை’ என்று பொதுவாக எழுதாதீர்கள். தரவாரியாகப் பிள்ளைகளின் தொகை, வாசிக்கத் தடுமாறுபவர்கள் எத்தனை பேர், கடைசிப் பேருந்தின் நேரம், மாலையில் எந்த அறை, அங்கே மின்சாரம் உண்டா, திறப்பு யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பிள்ளைகள் குறைவு என்று தட்டிக்கழிப்பார்கள். ஆகவே பக்கத்துப் பாடசாலைகள் இரண்டையும் சேர்த்துக் கொத்தணியாகக் கேளுங்கள். ஒரே வளவாளர் கிழமைக்கு ஒரு நாளாக மூன்று இடங்களுக்கும் வரலாம்.

கண் பரிசோதனைக்கு எந்த நிறுவனத்தையும் பார்த்திருக்க வேண்டியதில்லை. பாடசாலை மருத்துவப் பரிசோதனை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கடமை. 200க்குக் குறைந்த மாணவர்கள் உள்ள பாடசாலையில் எல்லாத் தரங்களையும் பார்க்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் திகதி கேளுங்கள்.

ஒருநாள் புத்தகப்பை விநியோகத்துக்காகப் பாடநேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு வருடமாவது தொடரும் வேலையைக் கேளுங்கள்.

எந்தத் திட்டம் எந்தப் பாடசாலைக்குப் போனது என்ற பட்டியலை வலயம் தர மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். பட்டியல் கிடைத்ததும் அதைக் கோட்டவாரியாகப் பிரித்து, அடுத்த கோரிக்கைக் கடிதத்துடன் இணைத்து அனுப்புங்கள்.