அலுமினியம் கேபினட் வாங்கினால் சூடு குறையுமா?

கேள்வி: கோத்தகிரியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக ஆக்கும் வேலை) போட்டால் கம்ப்யூட்டரின் ப்ராசசர் சூடு 97 டிகிரிக்குப் போகிறது. ஃபேன் இரைச்சல் தாங்கவில்லை, பாதியில் வேகமும் குறைந்துவிடுகிறது. வெளியே குளிர் நடுக்குகிறது, பெட்டிக்குள் இப்படி. கோவையில் விசாரித்தால், "உங்க கேபினட் இரும்புத் தகடு சார், சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும், அலுமினியத்துக்கு மாத்துங்க" என்கிறார்கள். 9,000 ரூபாய் கூடுதலாகும். மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். 9,000 போட்டு மாற்றினாலும் ரெண்டர் ஓடும்போது அதே 97தான் காட்டும்.

கடைக்காரர் சொன்னதில் ஒரு பாதி சரி. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய நாலு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ப்ராசசர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகப் பட்டைகளான ஹீட்சிங்கை அதில் செய்வது அதனால்தான். ஆனால் ஹீட்சிங்க், ப்ராசசரோடு வெப்பம் கடத்தும் பேஸ்ட் தடவி இறுக்கித் திருகப்பட்டிருக்கிறது. கேபினட் தகடு ப்ராசசரைத் தொடுவதே இல்லை. நடுவில் இருப்பது காற்று, காற்றோ வெப்பத்தைக் கடத்துவதில் படுமோசம். ஒரு மில்லிமீட்டர் தகடு வெப்பத்துக்குப் போடும் தடை, அதை ஒட்டி நிற்கும் காற்று போடும் தடையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தத் துளியை நாலில் ஒன்றாகக் குறைத்து என்ன ஆகப்போகிறது?

உங்கள் பெட்டியிலிருந்து சூடு வெளியேறுவது தகடு வழியாக அல்ல, ஓடும் காற்றோடு. தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் நீளத் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். தொட்டியின் பக்கம் மரமா தகரமா என்று யாரும் கேட்பதில்லை. ஃபேன் ஓடுகிறதா, வலை அடைக்காமல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். கேபினட்டும் அப்படியே.

மலை ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, அதை எந்தக் கடையிலும் சொல்லமாட்டார்கள். கோத்தகிரி கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 1,800 மீட்டர். இங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே அளவு காற்றைத் தள்ளினாலும் அந்தக் காற்று சுமந்துபோகும் வெப்பம் குறையும். கணக்காகச் சொன்னால், பெட்டிக்குள் 300 வாட் சூடு, நிமிடத்துக்கு 50 கன அடி காற்று என்றால், கடற்கரை ஊரில் அந்தக் காற்று பத்துப் பதினோரு டிகிரி சூடாகி வெளியே வரும். இங்கே பன்னிரண்டு, பதின்மூன்று. நஷ்டம் இவ்வளவுதான். கோவையில் அறை 33 டிகிரியில் இருக்கும்போது உங்கள் அறை 20. அப்படியும் நம் பக்கம்தான் லாபம். ஆகவே 97 டிகிரிக்கு ஊரும் காரணமில்லை, இரும்பும் காரணமில்லை. பெட்டிக்குள் ஏதோ அடைத்திருக்கிறது.

காசு செலவில்லாத சோதனை ஒன்று. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு அதே ரெண்டரை ஓட்டுங்கள். சூடு பத்து டிகிரிக்கு மேல் இறங்கினால் கேபினட்டுக்குள் காற்று வந்துபோக வழியில்லை என்று அர்த்தம். இறங்கவே இல்லையா, கோளாறு ஹீட்சிங்கில் அல்லது பேஸ்டில். பிறகு தகட்டை மாட்டி, முன்பக்க வலைக்கு அருகில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். அங்கேயே சுருண்டு நின்றால் முன் ஃபேன் சுற்றுவது வெறும் அலங்காரத்துக்கு.

மலையில் நான் திறந்து பார்க்கும் பெட்டிகளில் பெரும்பாலும் குற்றவாளி கம்பளி. ஸ்வெட்டர், சால்வை, ரஜாய், தரைவிரிப்பு எல்லாவற்றிலிருந்தும் பறக்கும் நூல் ஹீட்சிங்க் ஃபேனுக்கு அடியில் போய்ப் படிகிறது. மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் தூசியே இல்லாத மாதிரிதான் தெரியும். நாலு திருகைக் கழற்றி ஃபேனைத் தூக்கினால், அலுமினியப் பட்டைகளின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு துணியே விரித்த மாதிரி இருக்கும், விரலால் உரித்து எடுக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். பிளோயர் அடிப்பதானால் ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். வாங்கி நாலைந்து வருஷம் ஆகியிருந்தால் பேஸ்டையும் துடைத்துப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் வேலை.

இன்னொன்று, மழைக்காலத்தில் மேகம் அறைக்குள் வருகிறது என்று கேபினட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, உறையோடு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஓடும் கம்ப்யூட்டர் அறையைவிடச் சூடாகத்தான் இருக்கும், அதற்குள் ஈரம் படியாது. படிவது, குளிர்ந்து கிடந்த பெட்டியை ஜீப்பிலிருந்து இறக்கிக் கதகதப்பான அறைக்குள் கொண்டுவரும்போது. அப்போது ஒன்றிரண்டு மணி நேரம் சும்மா வைத்துவிட்டு ஆன் செய்தால் போதும். இரும்புக் கேபினட்டின் வெட்டு விளிம்பிலும் திருகிலும் நம் ஊர் ஈரத்தில் துரு ஏறும், அலுமினியத்தில் ஏறாது. அது ஆயுள் சமாசாரம், சூட்டுக்குச் சம்பந்தமில்லை.

அலுமினியப் பெட்டி உண்மையிலேயே குளிர்விக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கடைக்காரர் அதைக் காட்டித்தான் உங்களை மடக்குவார் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். ஃபேனே இல்லாத கம்ப்யூட்டர்கள் வருகின்றன. அவற்றில் ப்ராசசரிலிருந்து செம்புக் குழாய்கள் கிளம்பி நேராகப் பெட்டியின் சுவரில் போய் ஒட்டும். சுவரின் வெளிப்பக்கம் பட்டை பட்டையாக இருக்கும், பெட்டியே ஹீட்சிங்க். அங்கே அலுமினியம்தான் வேண்டும். அதிலும் கறுப்புப் பூச்சு நல்லது, பளபளவென்ற வெற்று அலுமினியம் வெப்பத்தைக் கதிராக வீசுவதில் மட்டம். ஆனால் இவை குறைந்த வாட் ப்ராசசர்களுக்கு, அலுவலக வேலைக்கு, கல்லாப்பெட்டிக்கு. ஃபேன் இல்லாததால் காற்று தானாக மேலெழும்பித்தான் சூட்டை எடுக்க வேண்டும், மெலிந்த மலைக்காற்றில் அது இன்னும் மந்தம். மூடிய ஷெல்ஃபில் வைத்தால் தீர்ந்தது. கிராஃபிக்ஸ் கார்டு போட்டு ரெண்டர் ஓட்டும் உங்களுக்கு இது ஆகாது. அடையாளம் சுலபம்: ப்ராசசர் மேல் ஃபேன் சுற்றுகிறதா, பெட்டியில் காற்று வலை இருக்கிறதா, இருந்தால் உங்களுடையது அந்த ரகம் இல்லை.

இப்போது வியாபாரத்தைப் பற்றி. அலுமினியம் வேண்டாம் என்றதும் அடுத்துக் காட்டுவது முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து, உள்ளே கலர் கலராக மூன்று ஃபேன் மின்னும் பெட்டி. கண்ணாடியை முட்டிக்கொண்டு நிற்கும் ஃபேன் எங்கிருந்து காற்றை இழுக்கும்? முன்பக்கம் வலையாக உள்ள சாதாரண இரும்புக் கேபினட் அதைவிட எவ்வளவோ மேல். இடையில் ஒருவர் "நானே வாங்கித் தருகிறேன்" என்று வந்தால் பில் உங்கள் பெயரில், ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வரியில் இருக்க வேண்டும் என்று கறாராகக் கேளுங்கள். கமிஷன் ஒளிந்திருப்பது மொத்த விலையில்தான். கேபினட்டோடு எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரன்ட் கொடுக்கும் பாகம்) இலவசம் என்றால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடவே தொடாதீர்கள். 450 வாட் என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பி, வோல்டேஜ் ஏறி இறங்கும் நம் லைனில் மாட்டினால், போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

வாரன்டி விஷயத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. அட்டையில் ஆல் இந்தியா வாரன்டி என்று அச்சடிக்கிறார்கள். ஒரு ஃபேன் நின்றுபோனால், கேபினட்டைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை போய், டோக்கன் எடுத்து உட்கார்ந்தால், "பார்ட் வரணும், பத்து நாள் கழிச்சு வாங்க" என்று பதில் வருகிறது. கூரியரில் அனுப்பலாம் என்று விதியை மாற்ற எத்தனை வருஷம் வேண்டும்? மலையில் இருப்பவரும் அதே விலைதானே கொடுத்து வாங்குகிறார்? ஆகவே வாங்கும் முன்பே கேளுங்கள்: கூரியரில் எடுத்துக்கொள்வீர்களா, தூசி தட்டினால் வாரன்டி போகுமா? பதிலைப் பில்லின் பின்புறமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் ஹீட்சிங்க் ஃபேனைக் கழற்றிப் பாருங்கள். அதைச் சுத்தம் செய்தும் 90க்குக் கீழே இறங்காவிட்டால் பின்பக்கம் காற்றை வெளியே தள்ள 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று மாட்டுங்கள், முன் வலைக்குக் கழற்றிக் கழுவும் ஃபில்டர் ஒன்று போடுங்கள். சுவருக்கும் பெட்டியின் முதுகுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள், ரூம் ஹீட்டரைப் பெட்டியின் முன்பக்கம் பார்த்து வைக்காதீர்கள்.