எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு என்ன உடற்பயிற்சி? மும்பை வாசகிகளின் கேள்விகள்

தினமும் வீடியோ பார்த்து கெகல் பயிற்சி செய்கிறேன். வலி குறையவில்லை, கூடத்தான் செய்கிறது. ஏன்? (செம்பூர்)

முதலில் அதை நிறுத்துங்கள். கெகல் என்பது இடுப்புத்தளத் தசைகளை (சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடலைக் கீழிருந்து தாங்கும் தசைகள்) இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி, பிரசவத்துக்குப் பின் தசை தளர்ந்து சிறுநீர் கசிகிறவர்களுக்கு நல்லது. எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உட்சுவரை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய், உள்ள பலருக்கு நிலைமை நேர்மாறு. மாதாமாதம் வலி வரும்போது உடம்பு தானாகவே அடிவயிற்றையும் இடுப்பையும் இறுக்கிக்கொள்கிறது, வருஷக்கணக்கில் இப்படியே போனால் அந்த இறுக்கம் நிரந்தரமாகி, பீரியட்ஸ் இல்லாத நாளிலும் வலி, மலம் கழிக்கும்போது வலி, தாம்பத்தியத்தில் வலி என்று ஆகிவிடுகிறது. அதை இன்னும் இறுக்கினால் எப்படிக் குறையும்?

இளக்குவதில் ஆரம்பியுங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, ஒரு கையை விலாப் பக்கத்திலும் இன்னொன்றை அடிவயிற்றிலும் வையுங்கள். மூக்கு வழியாக மூச்சை இழுக்கும்போது விலா இரண்டு பக்கமும் விரிந்து, வயிறு மெல்ல எழும்பி, கீழே ஆசனவாய்ப் பக்கம் லேசாகத் தளர்ந்து இறங்குவது தெரியவேண்டும். தோள் மட்டும் ஏறி இறங்கினால் மூச்சு மேலோடு நிற்கிறது. அவசரப்படாமல் ஐந்து நிமிடம் செய்யுங்கள். அப்புறம் பாலாசனம் (மண்டியிட்டு உட்கார்ந்து முன்னால் குனிந்து நெற்றியைத் தரையில் வைப்பது), முழங்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து பத்தகோணாசனத்தில் (பாதங்களைச் சேர்த்து முழங்கால்களை இரண்டு பக்கமும் விரித்து) படுப்பது. இதெல்லாம் பழகி, தசை இளகியிருக்கிறது என்று பெண்கள் நலப் பிசியோதெரபிஸ்ட் பரிசோதித்துச் சொன்ன பிறகு வலுவூட்டும் பயிற்சிக்குப் போகலாம்.

உடற்பயிற்சியால் இது கரையுமா? (முலுண்ட்)

கரையாது. கருப்பைக்கு வெளியே வளர்ந்த அந்தத் திசுவை எந்த ஆசனமும் அகற்றாது. வலியையும் இறுக்கத்தையும் குறைக்க உதவும், தூக்கம் மேம்படும், அது சின்ன விஷயமில்லை. மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கல்யாணிலிருந்து சி.எஸ்.எம்.டி. வரை லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே போகிறேன். வலி நாளிலும் வாக்கிங் போகவேண்டுமா?

வேண்டாம், அந்தப் பயணமே போதும். நிற்கும்போது முழங்காலை விறைக்காமல், வயிற்றை உள்ளிழுக்காமல், பல்லைக் கடிக்காமல் பாருங்கள். நம்மில் நிறையப் பேர் இந்த மூன்றையும் ஒன்றாகச் செய்கிறோம்! வீட்டுக்கு வந்ததும் அடிவயிற்றில் வெந்நீர்ப் பை. வலி இல்லாத நாளில் விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிக்க ஒரு மணி நேரம் நடந்துவிட்டு மறுநாள் படுத்துக்கொள்ளாதீர்கள். 15 நிமிடத்தில் தொடங்குங்கள், மறுநாள் வலி கூடினால் பாதியாகக் குறையுங்கள்.

பதினேழு வயது மகள் வலியில் மயங்கி விழுகிறாள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஏதாவது பயிற்சி சொல்லுங்கள். (தாராவி)

பயிற்சி அப்புறம் அம்மா, முதலில் மகளிர் நல மருத்துவர். கல்யாணமும் பிள்ளைப்பேறும் இதற்கு வைத்தியமில்லை. குழந்தை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னாலும் அதோடு விட்டுவிடாதீர்கள், ஸ்கேனில் தெரியாமலும் இது இருக்கலாம். பக்கத்திலேயே சயன் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது. வலி வந்த தேதி, பள்ளிக்குப் போகாத நாள், மயங்கிய நாள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு இந்த வாரமே கூட்டிப் போங்கள்.