சம்பளம் கேட்கப் போகுமுன் டிக்கெட்டுகளைப் பிரித்துவையுங்கள்

சப்போர்ட் வேலையில் இரண்டு வருஷமாக இன்க்ரிமென்ட் இல்லை, ஒரே நேரத்தில் மூன்று வாடிக்கையாளர்களோடு சாட், புதிதாக வந்தவருக்கு உங்களைவிடச் சம்பளம் அதிகம் என்கிறீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் "அவருக்கு மட்டும் ஏன்?" என்று ஆரம்பித்தால் பேச்சு அவரைப் பற்றியே போய்விடும்.

சம்பளம் கேட்கும்போது, முடித்த டிக்கெட் (வாடிக்கையாளரின் ஒவ்வொரு பிரச்சினைக்கும் போடும் பதிவு) எண்ணிக்கையை மட்டும் காட்டாதீர்கள். பாஸ்வேர்ட் ரீசெட்டும் ஒரு டிக்கெட், நாலு மணி நேரம் லாக் (சிஸ்டம் எழுதிவைக்கும் பதிவுகள்) பார்த்துத் தீர்த்ததும் ஒரு டிக்கெட். சிக்கலானதெல்லாம் உங்கள் தலையில் விழுந்தால், சராசரி நேரக் கணக்கில் நீங்கள்தான் மந்தமாகத் தெரிவீர்கள் (இந்த அநியாயம் பல சப்போர்ட் டீம்களில் உண்டு). மற்றவர்கள் தீர்க்க முடியாமல் எஸ்கலேட் செய்து (மேலே அனுப்பி) உங்களிடம் முடிந்தவற்றைத் தனியாக எடுத்துவையுங்கள்.

மூன்று சாட் விஷயத்தை இதோடு கலக்க வேண்டாம். அதை டீமாகக் கேளுங்கள். சம்பளத்துக்கு மேனேஜர் "பார்க்கலாம்" என்றால் தேதி கேட்டு, அன்றே மெயிலில் போட்டுவிடுங்கள். வேறு ஆஃபர் கையில் இல்லாமல் ராஜினாமா பேச்சை எடுக்காதீர்கள்.