ஆங்கிலத்தில் பிரசன்ட் பர்பெக்ட் எங்கே, சிம்பிள் பாஸ்ட் எங்கே?

செயல் கடந்த காலத்தில் நடந்து முடிந்தது என்று மட்டும் சொல்வது சிம்பிள் பாஸ்ட். அதன் பலன் இப்போதும் இருக்கிறது என்றால் பிரசன்ட் பர்பெக்ட்.

இரணைமடுக் குளத்தை எடுங்கள். 'தே ஓப்பன்ட் த கேட்ஸ்' என்றால் வான்கதவைத் திறந்தார்கள், அவ்வளவுதான். இப்போது பூட்டியிருக்கவும் கூடும். 'தே ஹவ் ஓப்பன்ட் த கேட்ஸ்' என்றால் திறந்திருக்கிறார்கள். தண்ணீர் பாய்கிறது, கீழே இருப்பவர்கள் கவனம்.

பிழை வருவது இங்கேதான்: தமிழில் 'நேற்றுத் திறந்திருக்கிறார்கள்' என்று தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலம் விடாது. யெஸ்டடே, லாஸ்ட் வீக், இன் 2019 என முடிந்த காலம் வந்தாலே ஹவ், ஹாஸ் இரண்டையும் எடுத்துவிடுங்கள்: 'தே ஓப்பன்ட் த கேட்ஸ் யெஸ்டடே'. 'சின்ஸ் மன்டே' இன்றுவரை நீள்வதால் அதற்கு ஹவ் வேண்டும்.

சற்றுமுன் நடந்ததற்கு மட்டுமே பிரசன்ட் பர்பெக்ட் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 20 வருடத்துக்கு முன் போனவரும் 'ஐ ஹவ் பீன் டு மாங்குளம்' (மாங்குளத்துக்குப் போயிருக்கிறேன்) என்று சொல்லலாம்.