வெட்டிச் சுருக்கிய வீடியோ ஏன் இப்படி வீங்குகிறது?

கேள்வி: தங்கை மகளின் காதுகுத்து விழாவை ஐபோனில் 1080பி-யில் எடுத்தேன். ஒன்பது நிமிடம், 540 எம்பி. லேப்டாப்பில் வேண்டாத இடங்களை வெட்டி ஆறு நிமிடமாக்கி, பின்னணியில் நாதஸ்வரம் சேர்த்தேன். இப்போது 2.2 ஜிபி காட்டுகிறது! வெட்டினால் குறையத்தானே வேண்டும்? பாட்டுதான் காரணமா?

பதில்: நாதஸ்வரத்தின் மேல் பழி போடாதீர்கள். ஸ்டீரியோ ஒலியைத் துளியும் சுருக்காமல் வைத்தால்கூட நிமிடத்துக்கு 12 எம்பிக்குள் அடங்கிவிடும்.

நீங்கள் வெட்டியது பழைய ஃபைலை அல்ல. எடிட்டிங் மென்பொருள் அதைப் பிரித்து, ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுப் படமாக விரித்து, எக்ஸ்போர்ட் கொடுக்கும்போது புதிதாக ஒரு ஃபைலைச் சுருக்கி எழுதுகிறது. அதன் அளவைத் தீர்மானிப்பது பிட்ரேட், அதாவது ஒரு நொடி வீடியோவுக்கு எவ்வளவு டேட்டா என்ற எண். 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு ஒரு மெகாபிட்) என்றால் நிமிடத்துக்கு 7.5 எம்பி. உங்கள் ஒரிஜினல் நிமிடத்துக்கு 60 எம்பி, அதாவது 8 எம்பிபிஎஸ். புது ஃபைலோ நிமிடத்துக்கு 370 எம்பிக்குப் பக்கம். கிட்டத்தட்ட 50 எம்பிபிஎஸ். நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டினீர்கள், பிட்ரேட் ஆறு மடங்கு ஏறிவிட்டது. அவ்வளவுதான் கணக்கு.

ஏன் ஏறியது? பெரும்பாலும் எக்ஸ்போர்ட்டில் ‘4கே’ அல்லது ‘ஹை குவாலிட்டி’ என்ற ரெடிமேட் செட்டிங் தேர்வாகியிருக்கும். 1080பி-யில் எடுத்ததை 4கே-யில் எழுதினால் பிக்சல் நான்கு மடங்காகும். ஆனால் கேமரா பார்க்காத விவரம் எங்கிருந்தும் வந்துவிடாது. இடம்தான் வீண்.

இன்னொன்று கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறை. நிமிடத்துக்கு 60 எம்பி என்பதிலிருந்தே உங்கள் ஐபோன் எச்.265 என்ற புதிய கோடெக்கில் பதிவு செய்திருப்பது தெரிகிறது, பழைய எச்.264 ஆக இருந்தால் 130 எம்பி ஆகியிருக்கும். எச்.264 வந்தது 2003-இல், எச்.265 பத்து ஆண்டு கழித்து. அதே தரத்துக்குப் பழையது ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் கேட்கும். பல மென்பொருட்கள் இன்னமும் எச்.264-இல்தான் எக்ஸ்போர்ட் செய்கின்றன.

சரி, என்ன செய்யலாம்? எடிட் செய்த ப்ராஜெக்ட்டைத் திறந்து ‘கஸ்டம்’ எக்ஸ்போர்ட்டுக்குப் போங்கள். 1080பி, நொடிக்கு 30 ஃப்ரேம், எச்.265, 8 எம்பிபிஎஸ்: ஆறு நிமிடமும் ஏறக்குறைய 360 எம்பியில் முடியும். பழைய டிவியில் பென்டிரைவ் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் எச்.264-ஐத் தேர்ந்தெடுத்து 12 முதல் 16 எம்பிபிஎஸ் வரை கொடுங்கள். ‘விபிஆர்’ (மாறும் பிட்ரேட்) இருந்தால் அதையே எடுங்கள். அசைவு குறைந்த காட்சிக்குக் குறைவாகவும், ஆட்டம் பாட்டத்துக்கு அதிகமாகவும் அதுவே பிரித்துக் கொடுக்கும்.

சிக்கனம் என்று 2, 3 எம்பிபிஎஸ்-க்கு இறங்கிவிடாதீர்கள். அடுத்தடுத்த ஃப்ரேம்களில் மாறாததைத் திரும்ப எழுதாமல் விடுவதில்தான் கோடெக்கின் திறமை இருக்கிறது. சாம்பிராணிப் புகையும், தூவுகிற பூவும், முண்டியடிக்கிற சொந்தக்காரர்களும் அதற்குப் பரம எதிரிகள். அந்த இடங்களில் படம் கட்டம் கட்டமாக உடையும்.

ப்ராஜெக்ட்டை அழித்துவிட்டீர்களா? ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் பெரிய ஃபைலைப் போட்டு, 1080பி, ஆர்எஃப் (தர அளவு) 22 என்று வைத்தால் போதும். ஆனால் ஒவ்வொரு மறுசுருக்கத்திலும் தரம் கொஞ்சம் போகும் என்பதால் இது இரண்டாம்பட்சம். முன்னும் பின்னும் வெட்டுவது மட்டுமே வேலை என்றால் லாஸ்லெஸ்கட் என்ற மென்பொருள் நல்லது. மறுபடி சுருக்காமலே வெட்டும், வெட்டும் இடம் மட்டும் சற்று முன்பின்னாக அமையலாம்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். 2 ஜிபி வரை அப்படியே போகும். வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கிவிடும்.