ஒரு மாட்யூலில் ஃபெயில்: பட்டம் கைநழுவிப் போகுமா?

கேள்வி: இங்கிலாந்தில் ஓராண்டு எம்.எஸ்சி. படிக்கிறேன். ஒரு மாட்யூலில் (பாடப் பகுதியில்) 44 மார்க் வாங்கி ஃபெயில். ரீசிட் (மறுதேர்வு) எழுதினால் போதுமா? விசாவுக்குச் சிக்கல் வருமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பதில்: நீங்கள் பார்த்த 44 பெரும்பாலும் தற்காலிக மதிப்பெண்தான். எக்ஸாம் போர்டு கூடி உறுதி செய்த பிறகே அது முடிவு. அதற்கு முன்னால் உங்கள் படிப்புக்கான விதிமுறைக் கையேட்டை எடுத்து, 'காம்பன்சேஷன்' என்ற பகுதியைப் படியுங்கள். முதுநிலையில் பாஸ் மார்க் பொதுவாக 50. ஆனால் மற்ற மாட்யூல்களில் நன்றாகச் செய்திருந்தால், 40-க்கு மேல் வாங்கிய ஒரு மாட்யூலுக்கும் கிரெடிட் (பட்டத்துக்குச் சேரும் புள்ளி) கொடுத்துவிடும் பல்கலைக்கழகங்கள் உண்டு; அதுதான் காம்பன்சேஷன். மார்க் 44 ஆகவே நிற்கும், ரீசிட் தேவைப்படாது. கோர் மாட்யூலுக்கு, அதாவது கட்டாயப் பாடத்துக்கு, இந்தச் சலுகை பெரும்பாலும் கிடையாது. உங்களுடையது கோரா, விருப்பப் பாடமா என்பதை முதலில் பாருங்கள்.

ரீசிட்தான் வழி என்றால், எவ்வளவு நன்றாக எழுதினாலும் வழக்கமாக 50-க்கு மேல் பதிவாகாது. டிஸ்டிங்ஷன் குறி வைத்திருந்தால் சராசரியை இப்போதே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தேர்வு நேரத்தில் உடல்நலக் குறைவோ குடும்பத்தில் இழப்போ இருந்ததா? உங்கள் கடிதத்தில் அதுபற்றி ஒன்றும் இல்லை, இருந்திருந்தால் மறைக்காதீர்கள். சான்றுகளோடு 'மிட்டிகேட்டிங் சர்கம்ஸ்டன்ஸ்' (தேர்வைப் பாதித்த சூழ்நிலை) விண்ணப்பம் கொடுத்து அது ஏற்கப்பட்டால், முதல் முயற்சியாகவே மறுபடி எழுத விடுவார்கள், அந்த 50 வரம்பு இல்லாமல். கெடு மிகக் குறுகியது. கூச்சப்பட்டுக்கொண்டே அதைத் தவறவிட்ட மாணவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகும்.

'மார்க் குறைவாகப் போட்டுவிட்டார்கள்' என்று மேல்முறையீடு செய்ய முடியாது. நடைமுறையில் தவறு நடந்திருந்தால் முடியும். பல்கலைக்கழகத்துக்குள் எல்லா வழியும் அடைபட்டால், உள் விசாரணை முடிந்தது என்று அவர்கள் தரும் நிறைவுக் கடிதத்தின் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள், மாணவர் புகார்களை விசாரிக்கும் ஓ.ஐ.ஏ. என்ற சுயேச்சையான அமைப்பிடம் போகலாம். மாணவர்களுக்குக் கட்டணம் இல்லை.

விசாதான் நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது. படிப்பு முடிந்தபின் பிரிட்டனில் தங்கி வேலை பார்க்க உதவும் கிராஜுவேட் விசாவுக்கு, படிப்பை வெற்றிகரமாக முடித்துவிட்டீர்கள் என்று பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்திருக்க வேண்டும். நீங்களும் பிரிட்டனில் இருந்தபடி, ஸ்டூடன்ட் விசா முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். ரீசிட் முடிவு வரும் தேதியையும் விசா முடியும் தேதியையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு, வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு இந்த வாரமே போங்கள்.

ரீசிட்டும் தவறினால்கூடச் சேர்த்த கிரெடிட் வீணாகாது. எம்.எஸ்சி.க்கு 180 கிரெடிட் வேண்டும்; பொதுவாக 120 இருந்தால் முதுநிலை டிப்ளமோ, 60 இருந்தால் முதுநிலைச் சான்றிதழ் பெற்று வெளியேறலாம்.

வீட்டில் சொல்லுங்கள். ரீசிட் தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு சொன்னால், 'இனி என்ன?' என்று அவர்கள் கேட்கும்போது உங்களிடம் பதில் இருக்கும்.