இலைக்கு "கேன்சர் சர்டிபிகேட்" வாங்கித் தருகிறேன் என்கிறார், பணம் கொடுக்கலாமா?

ஏற்காடு நாகலூர் பக்கம் சின்னக் காபித் தோட்டம் வைத்திருப்பவர் கேட்கிறார்: "வேலியோரம் முளைக்கும் ஒரு செடியின் இலையை வீக்கத்துக்கு அரைத்துப் பற்றுப் போடுவோம். சேலத்தில் ஒருவர், லேபில் கொடுத்து கேன்சருக்கும் கேட்கும் என்று சர்டிபிகேட் வாங்கி, பேடன்ட்டும் எடுத்துத் தருகிறேன், நாற்பதாயிரம் ஆகும் என்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள்.

அவர் தரப்போவது ஒரு பக்க ரிப்போர்ட். இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, வடித்து வற்றவைத்தால் கரும்பச்சையாகத் தார் மாதிரி ஒன்று மிஞ்சும். அதைக் கரைத்து, 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில் வளரும் புற்றுநோய் செல்கள் மேல் விட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்து ஒரு மஞ்சள் சாயம் சேர்ப்பார்கள். உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றும். ஊதா குறைந்தால் செல் செத்தது, ரிப்போர்ட் ரெடி. அளவைக் கூட்டிக்கொண்டே போனால் சமையல் உப்பிலும்தான் செல் சாகும்! எவ்வளவு குறைந்த அளவில் செத்தது, அதே அளவில் நல்ல செல் பிழைத்ததா என்பதுதான் கேள்வி, அது அந்தத் தாளில் பெரும்பாலும் இருக்காது. வீக்கத்துக்கான சோதனை இன்னும் மோசம், முட்டை வெள்ளைக்கரு சூட்டில் திரிவதைச் சாறு தடுக்கிறதா என்று பார்ப்பதோடு கதை முடிந்துவிடும். எலியில் சோதிக்க நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும், அதற்கு யாருக்குப் பொறுமை?

அந்தத் தாரில் எத்தனையோ பொருள்கள் கலந்து கிடக்கும். வேலை செய்வது எது என்று பிரித்தெடுக்க, கிலோக் கணக்கில் இலை போட்டாலும் கடைசியில் கையில் நிற்பது சில மில்லிகிராம்தான். இதெல்லாம் தெரிந்தும், கட்டுரை எண்ணிக்கை காட்டினால்தான் பட்டம், பதவி உயர்வு என்று வைத்திருக்கிறோமே, அதனால்தான் ஊருக்கு நாலு இலை "புற்றுநோய் எதிர்ப்பு" ஆகிறது.

"நித்யகல்யாணி மட்டும் மருந்தாகவில்லையா?" என்பீர்கள். ஆனது. கனடாவில் சர்க்கரை நோய்க்கு மருந்து தேடியபோது அதன் சாறு கொடுத்த எலிகளுக்கு வெள்ளையணு குறைவதைக் கண்டு, 1958 வாக்கில் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தார்கள். அதே செடியிலிருந்து பிறகு வந்த வின்கிரிஸ்டின் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் ஊசியாகப் போகிறது, அதுவும் ரத்தக்குழாயில் (சிரையில்) மட்டும். ஒரு கிராமுக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அதற்காக வாசலில் பூத்திருப்பதைப் பறித்துக் கஷாயம் போட்டால் விஷம்தான் உள்ளே போகும், நோய் போகாது.

பேடன்ட் பேச்சு சுத்தப் புளுகு. ஊர் வழக்கத்தில் இருக்கும் அறிவுக்குக் காப்புரிமைச் சட்டம் 3(p) பிரிவின்படி இங்கே காப்புரிமை கிடையாது. மஞ்சளுக்கு 1995இல் அமெரிக்கா கொடுத்ததையே நம் மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் ஆட்சேபித்து 1997இல் ரத்து செய்ய வைத்தது. கேன்சர் தீரும் என்று விளம்பரம் செய்தால் 1954ஆம் ஆண்டு மருந்து, மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம், அப்போது மாட்டுவது நீங்கள், அவர் அல்ல.

முதலில் அது என்ன செடி? பூவோடு ஒரு கிளையைச் செய்தித்தாளில் வைத்து அழுத்திக் காயவைத்து, கோவையில் இருக்கும் தாவர ஆய்வுத் துறை அலுவலகத்தில் பெயரைக் கேளுங்கள். ஏற்காட்டிலேயே அவர்கள் தோட்டம் இருக்கிறது. அப்புறம் யாராவது ஆராய்ச்சிக்கு இலை கேட்டால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் ஒரு கைப்பிடிகூடத் தராதீர்கள். அந்த ஆளுக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் ரசீது கேளுங்கள், எந்த லேப் என்று பெயரையும் கேட்டு, நேரில் போய் விசாரியுங்கள்.